மூணரை நிமிஷத் தோடி

நாதஸ்வரம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பெரும்பாலும் ரெண்டு விஷயம்தான். ஒண்ணு, ‘தில்லானா மோகனாம்பாள்’ சிவாஜி. இன்னொண்ணு, நாகர்கோவில்ல ஏதோ ஒரு கல்யாண மண்டபத்துல பந்திக்கு இடம் பிடிக்க ஓடும்போது பின்னால கேட்ட சத்தம். அந்தச் சத்தத்தை ஆட்கள் காசு கொடுத்து வாங்கி, கிராமபோன் பெட்டிக்கு ஊசி மாத்தி மாத்தி, ஒரே தட்டைத் திரும்பத் திரும்பக் கேட்ட காலம் ஒண்ணு இருந்தது. அப்படிக் கேட்க வைத்தவர் திருவாவடுதுறை டி.என்.ராஜரத்தினம் பிள்ளை.

1898-ல் தஞ்சைப் பக்கம் திருமருகலில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் பாலசுப்பிரமணியம். தாய்மாமா திருமருகல் நடேச பிள்ளை அன்றைக்குப் பெரிய நாதஸ்வர வித்வான், திருவாவடுதுறை மடத்தில் வாசித்தவர். பையன் அவரிடம் வளர்ந்தான். ‘ராஜரத்தினம்’ என்ற பெயர் மடத்தில் கிடைத்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். பையன் முதலில் குழலைத் தொடவில்லை. திருக்கோடிக்காவல் கிருஷ்ணய்யரிடம் வாய்ப்பாட்டுதான் படித்தான். மாமா சீக்கிரமே காலமான பிறகுதான் நாதஸ்வரத்துக்கு வந்தான். பின்னாளில் அவருடைய வாசிப்பை ‘பாடுற மாதிரி இருக்கு’ என்று ஊரே சொன்னதற்குக் காரணம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. விரல் போற போக்கில் போகிற வாசிப்பு இல்லை அது. மூச்சு விடும் இடம், இழுத்து நிறுத்தும் இடம் எல்லாம் ஒரு பாடகனுக்கு உரியவை. வேடிக்கை என்னவென்றால், பாடகரான ஜி.என்.பாலசுப்பிரமணியம் தன் வேகப் பிருகாக்களுக்கு இவருடைய நாதஸ்வரத்தைப் பார்த்துக்கொண்டார். பாட்டு குழலுக்குள் போய், குழலிலிருந்து மறுபடி பாட்டுக்கு வந்தது.

சரி, அந்தக் காலத்தில் நாதஸ்வரக்காரருக்கு என்ன மரியாதை? கோயிலில் சாமிக்கு முன்னால் நின்றபடி, நடந்தபடி வாசிக்கணும். சுசீந்திரத்தில் மார்கழித் தேரோட்டம் பார்த்திருந்தால் அந்த நடை எவ்வளவு நீளம் என்று உங்களுக்குத் தெரியும். சட்டை போடக் கூடாது, துண்டை இடுப்பில் கட்டிக்கணும், பெரிய மனிதர் வீட்டு விசேஷமென்றால் திண்ணையோடு சரி. அதே ராகத்தைப் பாடுகிறவர் மேடையில் உட்கார்ந்திருப்பார். வாசிக்கிறவர் இசைவேளாளர், அவர் நிற்கணும். சாதிதான் மக்கா, வேறெதுவும் இல்லை.

ராஜரத்தினம் இதை மேடைப் பேச்சால் எதிர்க்கவில்லை. குடுமியை எடுத்து கிராப் வைத்தார். ஷெர்வானி போட்டார், காதில் கடுக்கன், நெஞ்சில் மெடல்கள். மேடை போட்டு உட்கார வைத்தால்தான் வாசிப்பேன் என்றார். கூட நீடாமங்கலம் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் தவில். இதையெல்லாம் சிலர் திமிர் என்றார்கள். திமிராகவே இருக்கட்டும், அந்தத் திமிர் இல்லாமல் அந்த நாற்காலி கிடைத்திருக்காது.

இனி அந்த இசைத்தட்டு. கொலம்பியா கம்பெனி வெளியிட்ட அவருடைய தோடி. அரக்கில் செய்த தட்டு, நிமிஷத்துக்கு 78 சுற்று, ஒரு பக்கத்துக்கு மூணு, மூணரை நிமிஷம்தான் இடம். கோயிலில் ராத்திரி முழுக்கத் தோடியை விரித்து வாசிக்கிற ஆளை இதுக்குள் அடைக்கணும்! 8-வது மேளகர்த்தா ராகம் அது. கமகம் இல்லாமல் அந்த ஸ்வரங்களை வெறுமனே வாசித்தால் தோடியே கிடையாது. ஆலாபனையை அவர் எங்கே குறைத்தார், எதை விடவே இல்லை என்று கவனித்துக் கேளுங்கள். அவசரமே தெரியாது. எனக்கு நீளமான வானொலிப் பதிவுகளைவிட இந்தச் சின்னத் தட்டுதான் பிடிக்கும். நண்பர்கள் ஒத்துக்க மாட்டார்கள்.

நம்ம பாஷையில் சொன்னால், அன்றைய தட்டில் எட்டாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் ஏறாது. அதனால் தவிலின் கூர்மை பாதி போயிடும். நாதஸ்வரத்தின் நடு உடம்பு மட்டும் அப்படியே வரும். வீணை மாதிரி மெல்லிய வாத்தியங்கள் அந்த இரைச்சலில் திணறின. திறந்த வெளிக்கென்றே பிறந்த ஊதுகுழல்கள் ஜெயித்தன.

இது நம்ம ஊருக்கு மட்டும் நடந்ததில்லை. அதே முப்பதுகளில் பாரிஸில் ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்டின் கிட்டாரும் பிலிப் புருனின் டிரம்பெட்டும் இதே மூணு நிமிஷத் தட்டுகளில் ஏறின. 1937-ல் தொடங்கிய ‘ஸ்விங்’ லேபிளுக்குப் பின்னால் இருந்தது பாதே மார்க்கோனி. அதுவும் கொலம்பியாவும் 1931-ல் உருவான ஈ.எம்.ஐ. குடும்பம்தான். புருனின் டிரம்பெட்டைக் கேட்டுவிட்டு உடனே இந்தத் தோடியைப் போட்டுப் பாருங்கள். ராகம், தாளம் எல்லாம் வேறு வேறு. ஆனால் ஒரு மனிதனின் மூச்சு அரக்குக்குள் மாட்டிக்கொண்டு நம்மைப் பார்க்கிற அந்த உணர்வு ரெண்டிலும் ஒன்றுதான்.

வாத்தியத்தையும் அவர் சும்மா விடவில்லை. அதுவரை இருந்த திமிரி நாதஸ்வரம் குட்டை, சுருதி ஏகத்துக்கும் மேலே. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி நீளமான பாரி நாதஸ்வரத்தைச் செய்து கொடுத்தார். குழல் நீண்டால் சுருதி இறங்கும், இது நமக்கு முதல் வருஷ இயற்பியல். கஷ்டம் சுத்த மத்திமத்தில்தான். அந்த ஸ்வரம் சரியாகப் பேச, துளைகளின் இடத்தையும் அளவையும் ஆசாரி தேடித் தேடிப் பிடித்தார். 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி சிலருக்கு நினைவிருக்கலாம்.

1940-ல் ‘காளமேகம்’ படத்தில் கவி காளமேகமாக நடித்தார். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன் என்ற அமெரிக்கர். படம் ஓடவில்லை, நல்லதுதான், இல்லாவிட்டால் சினிமாவிலேயே இருந்திருப்பார். 1947 ஆகஸ்ட் 14 அன்று திருவாவடுதுறை ஆதீனம் அனுப்பிய குழுவோடு டெல்லி போய் வாசித்தார். அதைச் சுற்றி இப்போ நிறைய அரசியல் பேச்சு இருக்கு, அது வேற கதை. நாதஸ்வரச் சக்கரவர்த்தி என்று ஊர் கொண்டாடியது. சங்கீத கலாநிதிகளின் பட்டியலில் மட்டும் தேடாதீர்கள், அவர் பெயர் இருக்காது.

சம்பாதித்தார், தண்ணீராகச் செலவழித்தார், குடித்தார். கச்சேரிக்கு வருவாரா மாட்டாரா என்று அமைப்பாளர்கள் வாசலில் நின்ற கதைகள் நிறைய உண்டு. ரசிகர்கள் இதையும் ஒரு பெருமையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. காத்திருந்து திரும்பிப் போனவர்களும் அவருடைய ரசிகர்கள்தானே. 1956 டிசம்பர் 12 அன்று சென்னை அடையாற்றில் இறந்தார். வயது 58.

பின்னால் வாசித்த சீடர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்து ஊர்க்காரர். சேரன்மகாதேவி தாண்டியிருக்கும் காருகுறிச்சி அருணாசலம். ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகி அம்மா குரலோடு போட்டி போடும் அந்த நாதஸ்வரம் அவருடையது. 1962 படம் அது. ரெண்டே வருஷத்தில், 1964-ல் அவரும் போய்விட்டார். குரு, சீடன் ரெண்டு பேரையும் இப்போ யூடியூபில் கேட்கலாம். ஹெட்போனில் கேளுங்கள், கரகரப்பு முதல் பத்து செகண்டுக்குத்தான் தொந்தரவு. தோடியில் அவர் மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடம் வரும்வரைக்கும் மட்டும் நிறுத்திடாதீங்க.