ருக்மாபாய்

ருக்மாபாய் (நவம்பர் 22, 1864 – செப்டம்பர் 25, 1955) இந்தியாவின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவர். மும்பையில் பிறந்தார்.

மணவழக்கு

பதினொரு வயதில் தாதாஜி பிகாஜிக்கு மணம் செய்விக்கப்பட்டார். ஆயினும் தாய்வீட்டிலேயே வளர்ந்தார். தம்முடன் வாழ ஆணையிடக் கோரி 1884-இல் கணவர் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தார். 1885-இல் நீதிபதி பின்ஹே அதனைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு மாற்றப்பட்டது. கணவருடன் வாழவேண்டும், மறுத்தால் ஆறு மாதச் சிறை என 1887-இல் தீர்ப்பளிக்கப்பட்டது. சிறை செல்லத் தயார் என்றார் ருக்மாபாய். 1888-இல் கணவருக்கு 2000 ரூபாய் தரப்பட்டு வழக்கு முடிவுற்றது.

பிற்காலம்

இலண்டனில் மருத்துவம் பயின்று சூரத்தில் பணியாற்றினார். மணமுறிவுக்கு இடமளித்த இந்து திருமணச் சட்டம், அவர் மறைவதற்கு நான்கு மாதங்களுக்கு முன், மே 1955-இல் நடைமுறைக்கு வந்தது. மீளமுடியாதபடி மணவாழ்வு முறிந்துபோனதை மட்டும் காட்டி மணமுறிவு பெற அச்சட்டத்திலும் வழியில்லை. தனது சிறப்பதிகாரத்தால் அதனை வழங்கலாம் என 2023-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.