சகோதரி சுப்புலட்சுமியும் அவங்க சித்தியும்

நான் செட்டியார்பட்டியில் இருந்து எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவள். வீட்டுக்காரர் மில் வேலைக்குப் போகிறார். வீட்டு வேலை போக மிச்ச நேரத்தில் நைட்டி தைக்கிறேன். மலருக்காக ஒவ்வொரு குழுவும் ஒரு சாதனைப் பெண்மணியைப் பற்றி எழுதித் தரணும் என்று சொன்னதும், எங்கள் குழுவில் அந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் சகோதரி சுப்புலட்சுமியைப் பற்றி எழுதுகிறேன். பேரைக் கேட்டதும் நானும் முதலில் பாட்டுப் பாடுகிற எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா என்றுதான் நினைத்தேன். அவங்க வேற, இவங்க வேற.

இவங்களைப் பற்றி எனக்குச் சொன்னது எங்கள் குழுவில் இருக்கிற ஒரு தங்கச்சி. அவள் பேரை எழுத வேண்டாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே டிகிரி முடித்தவள். சின்ன வயசிலேயே கணவர் தவறிவிட்டார். ரெண்டு பிள்ளைகள். பி.எட். சேரணும், பீஸ் கட்டக் கடன் வேணும் என்று அவள் குழுவில் கேட்டபோது, முதலில் வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். ரெண்டு பிள்ளைகளை வச்சுக்கிட்டு, தையலையும் விட்டுட்டு, இவ படிச்சு எப்போ வேலைக்குப் போயி எப்போ கடனைக் கட்டுவா என்று கேட்டேன். அவள் ஒண்ணும் பேசாமல் எழுந்து போய்விட்டாள். அதற்குப் பிறகு ரெண்டு கூட்டத்துக்கு வரவில்லை. மூணாவது கூட்டத்துக்கு வந்தபோது நூலகத்தில் எடுத்த ஒரு புத்தகத்தை என் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அதில் படித்ததையும், பிறகு அவளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் இங்கே எழுதுகிறேன்.

சுப்புலட்சுமி அம்மா 1886-ம் வருஷம் ஆகஸ்ட் 18-ம் தேதி சென்னை மயிலாப்பூரில் பிறந்தாங்க. பூர்வீகம் தஞ்சாவூர் ஜில்லாவில் ரிஷியூர். அப்பா சுப்பிரமணிய ஐயர், அம்மா விசாலாட்சி. இவங்கதான் மூத்த பிள்ளை. படிப்பில் சின்ன வயசிலேயே கெட்டி. ஒன்பது வயசில் நாலாம் வகுப்புப் பொதுப் பரீட்சை எழுதி, செங்கல்பட்டு ஜில்லாவிலேயே முதலாவதாக வந்தாங்க.

அந்தக் காலத்து வழக்கப்படி பதினோரு வயசு வாக்கில் கல்யாணம் பண்ணி வைத்தார்கள். கொஞ்ச நாளிலேயே மாப்பிள்ளை இறந்துபோனார். வாழ்க்கை என்றால் என்ன, புருஷன் என்றால் யார் என்று தெரியாத வயசு. அந்தக் காலத்தில் அவங்க சாதியில் அப்படிப்பட்ட பெண் பிள்ளைக்கு மொட்டையடித்து, ஒரு வேளைச் சாப்பாட்டோடு, வீட்டு மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். நல்லது கெட்டதுக்கு முன்னால் வரக்கூடாது. நம்ம ஊரில் மொட்டையடிக்கிற வழக்கம் இல்லை. ஆனால் கல்யாண வீட்டில் ஓரமாக நிற்க வைக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. நம்மில் எத்தனையோ பேருக்கு அது தெரியும்.

சுப்புலட்சுமியின் அப்பாவும் அம்மாவும் பிள்ளைக்கு மொட்டையடிக்க மாட்டோம், படிக்க வைப்போம் என்று முடிவெடுத்தார்கள். உறவுக்காரர்களும் ஊராரும் கண்டபடி பேசினார்கள். அவர்கள் அசையவில்லை. பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள், பிறகு மாநிலக் கல்லூரிக்கும் அனுப்பினார்கள். 1911-ல் அவங்க பி.ஏ. பாஸ் பண்ணினாங்க. சென்னை மாகாணத்திலேயே பட்டம் வாங்கிய முதல் இந்துப் பெண் அவங்கதான். மாகாணம் என்றால் இன்றைய தமிழ்நாடு மட்டும் இல்லை, ஆந்திராவிலும் கேரளாவிலும் கர்நாடகாவிலும் இருக்கிற பல பகுதிகளும் அதில் சேர்ந்தது. பி.ஏ.வோடு நிற்காமல் ஆசிரியர் வேலைக்கான எல்.டி. படிப்பும் முடித்தாங்க. இப்போ நாம பி.எட். என்று சொல்கிறோமே, அந்த மாதிரி.

இங்கேதான் நான் ஒருத்தரைப் பற்றிச் சொல்லணும். சுப்புலட்சுமி அம்மாவுக்கு ஒரு சித்தி உண்டு, அம்மாவின் தங்கை. வாலாம்பாள் என்று பேர். அவங்களும் இள வயசிலேயே கணவரை இழந்து, அக்கா வீட்டோடு வந்து இருந்தவங்க. பட்டம் வாங்கியது சுப்புலட்சுமி, பேப்பரில் பேர் வந்தது சுப்புலட்சுமி. ஆனால் அந்த வீட்டு அடுப்படியிலும், பின்னால் நூறு பேர் தங்கிய விடுதியிலும் கூடவே நின்றது இந்தச் சித்தி. புத்தகத்தில் அவங்களைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தத் தங்கச்சிக்குப் பணம் மட்டும் குறையவில்லை, ஒரு சித்தியும் குறைந்தாள் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

சுப்புலட்சுமி அம்மா தனக்கு வேலை கிடைத்தால் போதும் என்று இருக்கவில்லை. தன்னை மாதிரி ஆயிரக்கணக்கான சின்னப் பிள்ளைகள் வீட்டு மூலையில் கிடக்கிறார்களே, அவர்களைப் படிக்க வைத்து டீச்சராக்க வேண்டும் என்று நினைத்தாங்க. டீச்சர் வேலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. அப்போ பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் ஆண் வாத்தியார்கள்தான். பெண் பிள்ளை கொஞ்சம் வளர்ந்ததும், ஆம்பிளை வாத்தியாரிடம் அனுப்ப மாட்டோம் என்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். பெண் டீச்சர் இருந்தால் பெண் பிள்ளைகள் வருவார்கள். வீட்டில் சும்மா உட்கார வைத்த இளம் விதவைகள் படித்து டீச்சரானால், அவர்களுக்கும் சொந்தக் காலில் நிற்க ஒரு சம்பளம், ஊர்ப் பிள்ளைகளுக்கும் படிப்பு. அப்போது பெண்கள் பள்ளிகளுக்கு ஆய்வாளராக இருந்த கிறிஸ்டினா லிஞ்ச் என்கிற வெள்ளைக்காரம்மாவும் இதே நினைப்பில் இருந்தாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து பேசி, அரசாங்க உதவித்தொகைக்கு வழி பண்ணினார்கள்.

1912 வாக்கில், எழும்பூரில் அவங்க குடும்பம் இருந்த வீட்டிலேயே நாலு பெண் பிள்ளைகளோடு அந்த விடுதி ஆரம்பமானது. நாலே நாலு பேர். நம்ம குழுக்கள் ஆரம்பித்ததும் இப்படித்தானே. முதல் கூட்டத்துக்கு யார் வந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போடணும், தலை வாரணும், காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காரணும், பாடமும் சொல்லித் தரணும். சுப்புலட்சுமி அம்மா பகலில் அரசுப் பள்ளிக்கூட வேலை பார்த்துவிட்டு வந்து இந்தப் பிள்ளைகளைப் பார்த்தாங்க. அவங்க இல்லாத நேரத்தில் சித்தி பார்த்தாங்க. அந்தப் பிள்ளைகள் அவங்களை சிஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். அதுவே ஊர்ப்பெயராகி, சகோதரி சுப்புலட்சுமி என்று நின்றுவிட்டது.

பிள்ளைகள் கூடக் கூட வீடு பத்தவில்லை. சாதாரண வாடகை வீடுகளும் சரிப்படவில்லை. கடைசியில் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இருந்த ஐஸ் ஹவுஸ் கட்டடம் கிடைத்தது. அந்தக் கட்டடத்துக்கே ஒரு கதை உண்டு. 1842-ல் அமெரிக்காவில் இருந்து கப்பலில் கொண்டுவந்த ஐஸ் கட்டிகளை வைக்கிறதுக்காகக் கட்டியது. 1897-ல் விவேகானந்தர் சென்னைக்கு வந்தபோது அங்கேதான் தங்கினார். இப்போ விவேகானந்தர் இல்லம் என்று சொல்கிறார்கள். மெரினாவுக்குப் போனவங்க அந்த வட்டமான கட்டடத்தைப் பார்த்திருப்பீங்க. மூலையில் முடங்கிக் கிடந்த பிள்ளைகள் அங்கே கடலைப் பார்த்துக்கொண்டு படித்தார்கள்.

அங்கிருந்து பள்ளிக்கூடம் முடித்தவர்களில் சிலர், கடற்கரையிலேயே 1914-ல் ஆரம்பித்த பெண்கள் கல்லூரியில் சேர்ந்தார்கள். அதுதான் பின்னால் இராணி மேரிக் கல்லூரி ஆனது. பலர் டீச்சர் டிரெய்னிங் முடித்து ஊர் ஊராக வேலைக்குப் போனார்கள். பக்கத்துக் குப்பத்தில் மீன்பிடிக்கிறவர்களின் பிள்ளைகளுக்காகவும் ஒரு பள்ளிக்கூடம் நடத்தினாங்க.

ஒரு விஷயத்தை மறைக்காமல் எழுதணும். ஐஸ் ஹவுஸ் விடுதியில் முதலில் பிராமணப் பெண்களை மட்டும்தான் சேர்த்தார்கள். மற்ற சாதிக்காரர்களோடு சேர்ந்து சாப்பிட்டால் பெற்றவர்கள் பிள்ளையையே அனுப்ப மாட்டார்கள் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். எல்லாச் சாதிப் பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து கணக்கு எழுதுகிற நமக்கு அது மனசுக்கு ஒப்பவில்லை. எனக்கும் ஒப்பவில்லை. அதே அம்மாதான் பின்னால் ஆரம்பித்த சாரதா வித்யாலயம் மாதிரியான இடங்களில் கதவை அகலமாகத் திறந்தாங்க. அந்தப் பள்ளிக்கூடம் இராமகிருஷ்ணா மிஷன் பொறுப்பில் இன்றைக்கும் சென்னை தியாகராய நகரில் நடக்கிறது.

1922-ல் பெண்களுக்கென்றே லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி தொடங்கியபோது அதிலும் பெரிய பொறுப்பு வகித்தாங்க. அப்புறம் 1942-ல் ஸ்ரீவித்யா கலாநிலையம் என்று, வயசு வந்த பெண்கள் திரும்பப் படிப்பதற்காக ஒரு பள்ளிக்கூடம் ஆரம்பித்தாங்க. நடுவில் படிப்பு நின்றுபோனவர்களுக்கு அது ரெண்டாவது வாசல். இந்த இடத்தைப் படிக்கும்போது என் பத்தாம் வகுப்பு மார்க் சீட்டு எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று நினைவு வந்தது. மயிலாப்பூரில் 1956-ல் வித்யா மந்திர் பள்ளிக்கூடம் வந்ததும் அவங்க முயற்சியால்தான். அரசாங்கம் 1958-ல் பத்மஸ்ரீ கொடுத்தது. சட்ட மேலவையிலும் உறுப்பினராக இருந்திருக்காங்க. 1969 டிசம்பர் 20-ம் தேதி காலமானாங்க. அன்றைக்கு வைகுண்ட ஏகாதசி. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயிலில் சொர்க்கவாசல் திறக்கிற நாள் என்று சொன்னால் உங்களுக்கு மறக்காது.

இனி எங்கள் குழுக் கதைக்கு வருகிறேன். புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு வந்த கூட்டத்தில், நான் முதலில் சொன்னது தப்பு என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். கடன் கொடுக்கத் தீர்மானம் போட்டோம். அதோடு விடவில்லை. அவள் காலேஜுக்குப் போகிற நாளில் சாயங்காலம் பிள்ளைகளை யார் வீட்டில் வைத்துக்கொள்வது என்று ஒரு முறை போட்டோம். திங்களும் செவ்வாயும் என் வீடு. புதனும் வியாழனும் எங்கள் தெருவில் இருக்கிற மதினி வீடு. வெள்ளிக்கிழமை அவள் மாமியாரே பார்த்துக்கொள்கிறார். முதலில் அந்த அத்தைக்கு மருமகள் படிக்கப் போவதே பிடிக்கவில்லை. இப்போ பஸ் வர லேட்டானால் வாசலில் வந்து நிற்கிறது அவங்கதான்.

அவள் விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைகளைக் கிளப்பிவிட்டு, பஸ் ஏறுவாள். திரும்பி வந்து ராத்திரி பத்து மணி வரைக்கும் நைட்டி தைப்பாள். அதற்கப்புறம் மறுநாள் பாடம் நடத்துவதற்குக் குறிப்பு எழுதுவாள், அட்டையில் படம் வரைவாள். எங்கள் வீட்டுப் பிள்ளைகள்தான் அதற்கு வர்ணம் அடித்துக் கொடுப்பார்கள். முதல் வருஷம் ஒரு தவணை கூடத் தவறவில்லை.

ரெண்டாவது வருஷம்தான் சிக்கல். பள்ளிக்கூடத்துக்கே போய்ப் பாடம் நடத்துகிற பயிற்சி மாசக்கணக்கில் இருக்கிறது. அந்த மாசங்களில் தையலுக்கு உட்கார முடியவில்லை. சம்பளமும் கிடையாது. ரெண்டு தவணை நின்றுவிட்டது. படிப்பை விட்டுவிடலாமா என்று அவள் ஒருநாள் என்னிடம் கேட்டாள். விடாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது. வேண்டாம் என்று முதலில் சொன்ன வாய்தானே இது. குழுவில் பேசி, அந்தத் தவணைகளைப் பயிற்சி முடிந்த பிறகு வாங்கிக்கொள்வதாக எழுதி எல்லாரும் கையெழுத்துப் போட்டோம். அவள் மறுநாள் காலை வழக்கம் போலப் பஸ் ஏறினாள்.

இது எங்கள் ஒரு குழு மட்டும் செய்தது. டீச்சர் டிரெய்னிங், நர்ஸ் படிப்பு என்று மற்ற குழுக்களிலும் இப்படி நடுவில் மாட்டிக்கொண்ட பெண்கள் இருக்கத்தான் செய்வார்கள். அதனால் அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுவரப் போகிறேன். படிக்கிற உறுப்பினருக்குப் பயிற்சி மாசங்களில் தவணையைத் தள்ளி வைக்க வேண்டும். அவள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அந்தந்தக் குழு முறை போட வேண்டும். பணம் திரும்பி வருமா என்று சிலர் கேட்பீங்க. நானும் கேட்டவள்தான். அன்றைக்கு என்னால் முடிந்த பதிலைக் கணக்கு நோட்டோடு வந்து சொல்கிறேன். எல்லாரும் தவறாமல் வந்து கையைத் தூக்குங்க.

இதை எழுதும்போது திங்கட்கிழமை சாயங்காலம். அவளுடைய சின்னவன் என் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாய்ப்பாடு எழுதிக்கொண்டிருக்கிறான். அவன் அம்மா வருகிற பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருக்கிறது.