சவலைப் பிள்ளையின் மருத்துவர்

வெண்பாவின் வகைகளை மாணவர்க்கு விளக்கும்போது சவலை வெண்பாவிற்கு வந்ததும் நான் சற்று நிற்பது வழக்கம். நாலடியுள் இரண்டாம் அடி தனிச்சொற் பெறாது முச்சீராய்க் குறைந்து நிற்பது அவ்வெண்பா. சவலை என்றால் என்னவென்று மாணவர் கேட்பர். நெல்லியடியில் என் ஆச்சிக்கு அஃது யாப்பிலக்கணச் சொல்லன்று. அடுக்களையில் வழங்கிய சொல். தாய் மீண்டும் கருவுற்றதனாலோ இன்னொரு பிள்ளையைப் பெற்றதனாலோ முலைப்பால் இழந்து மெலிந்து போகும் மூத்த குழந்தையே சவலைப் பிள்ளை. ஓரடியிற் சீர் குறைந்த பாவிற்கு அக்குழந்தையின் பெயரை இட்ட நம் முன்னோரின் நுண்ணுணர்வை எண்ணி நான் வியப்பதுண்டு.

அவ்வாறு வியக்கும்போதெல்லாம் சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவ அம்மையாரும் என் நினைவிற்கு வருவார். ஆபிரிக்கத் தாய்மாரின் அடுக்களைச் சொல் ஒன்றை உலக மருத்துவ நூல்களில் ஏற்றிவைத்தவர் அவர்.

அவர் 1893 ஆம் ஆண்டு டிசெம்பர் 2 ஆம் திகதி யமேக்காத் தீவிற் பிறந்தார். தந்தையார் அத்தீவின் கல்விப் பணிப்பாளராய் இருந்தவர். இளமையிலேயே இங்கிலாந்திற்குக் கல்விக்கு அனுப்பப்பட்ட சிசிலி, ஒக்ஸ்போர்ட்டில் மருத்துவம் பயின்றார். முதல் உலகப் போரினால் ஆண் மருத்துவர் அருகியிருந்த காலமாதலின் பெண்களுக்கு அங்கு இடங்கிடைத்தது. 1923 இல் அவர் பட்டம் பெற்றபோதோ போருக்குச் சென்ற ஆடவர் திரும்பியிருந்தனர். பெண் மருத்துவர்க்கு வேலை கிடைப்பது அரிதாயிற்று. இலண்டனிற் குழந்தைகள் மருத்துவமனையொன்றிற் பணியாற்றிய காலத்தில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். குழந்தை வாழும் வீட்டையும், அது உண்ணும் உணவையும் அறியாதார் அதன் நோயையும் அறியார் என்பதே அது.

1929 இல் குடியேற்ற நாட்டு மருத்துவ சேவையிற் சேர்ந்து, அந்நாளிற் பொற்கரை எனப்பட்ட இன்றைய கானா நாட்டிற்குச் சென்றார். அங்கே ஒன்று முதல் நான்கு வயது வரையான பிள்ளைகள் பலர் கைகால் வீங்கி, வயிறு பருத்து, தலைமயிர் செம்பட்டையாகி, தோல் கருகி உரிய, எதிலும் நாட்டமின்றி இருந்து மாண்டு போவதைக் கண்டார். இது முன்பே அறியப்பட்ட பெலாக்ரா என்னும் நோயே என்று பெரிய மருத்துவர்கள் சாதித்தனர். அம்மையார் அதனை ஏற்கவில்லை. இறந்த குழந்தைகளின் உடலைத் தாமே அறுத்து ஆராய்ந்தார். அதனினும் மேலாக, இந்நோயை நீங்கள் எப்படி அழைக்கிறீர்கள் என்று தாய்மாரிடமே கேட்டார். கா மொழி பேசும் அத்தாய்மார் சொன்ன பெயர் குவாஷியோர்க்கர். அடுத்த பிள்ளை பிறந்ததும் முன்னைப் பிள்ளைக்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

நோயின் காரணம் அப்பெயருக்குள்ளேயே அடங்கியிருந்தது! முலைப்பால் நின்றதும் அப்பிள்ளைகளுக்குக் கிடைத்தது சோளக் கூழ் மாத்திரமே. வளருங் குழந்தைக்கு வேண்டிய புரதம் அதிற் போதியதாக இல்லை. 1933 இல் இந்நோயைப் பற்றி எழுதிய அவர், 1935 இல் லான்செற் என்னும் மருத்துவ இதழில் அந்தக் கா மொழிப் பெயரையே தலைப்பிலிட்டு எழுதினார். புரதக் குறை ஒன்றே காரணம் என்பதைப் பின்வந்த ஆய்வாளர் முற்றாக ஒப்பவில்லை. ஆயினும் அவர் இட்ட பெயர் இன்றும் மாறவில்லை.

மேலதிகாரிகளோடு பிணங்கியமையால் 1936 இல் அவர் மலாயாப் பகுதிக்கு மாற்றப்பட்டுச் சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் விரிவுரையாளரானார். நம்மவர்க்கு அந்நாடு புதிதன்று. யாழ்ப்பாணத்தார் பலர் புகையிரதப் பகுதியிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்துக் குடும்பத்தோடு வாழ்ந்த நாடு அது.

அங்கு அவர் கண்ட கேடு வேறு. ஆபிரிக்காவில் வறுமையும் அறியாமையும் பாலைப் பறித்தன; இங்கோ வாணிகம் பறித்தது. பாற்கம்பனிகள் மருத்துவத் தாதியரைப் போல் உடையணிந்த பெண்களை ஏவி, தாய்ப்பாலுக்கு ரின்பால் ஈடாகும் என்று தாய்மாரை நம்பச் செய்தன. கொழுப்பு நீக்கிச் சீனி சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய அப்பாலில் உயிர்ச்சத்து ஏ இல்லை. அதனை மாத்திரம் உண்ட குழந்தைகள் மெலிந்தன; சில கண்ணொளியையும் இழந்தன. 1939 இற் சிங்கப்பூர் றோட்டரிக் கழகத்தில் அம்மையார் ஆற்றிய உரைக்குப் பாலும் கொலையும் என்று பெயரிட்டார். குழந்தைக்கு ஊட்டுவது பற்றிப் பொய்யான போதனை செய்வதைக் கொலைக் குற்றமாகவே கருதவேண்டும் என்று, செல்வர் கூடிய அச்சபையில் அஞ்சாது கூறினார்.

1942 பெப்ரவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அம்மையார் சாங்கிச் சிறையில் அடைக்கப்பட்டார். பெண்கள் முகாமிற்குத் தலைவியாகவும் இருந்தார். யப்பானிய இராணுவப் பொலிசாரின் காவலிற் பல மாதங்கள் துன்புற்றார். பெரிபெரி நோயினாற் காலில் உணர்விழந்தார். அச்சிறையில் இருபது குழந்தைகள் பிறந்தன என்றும், இருபதும் தாய்ப்பாலுண்டு இருபதும் பிழைத்தன என்றும் பின்னாளில் அவர் பெருமையோடு எடுத்துரைப்பார். ரின்பாலும் போத்தலும் இல்லாத இடத்தில், அரைவயிற்றுக்கு உண்ட தாய்மார் அப்பிள்ளைகளைக் காத்தனர். அவர் வாதத்திற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

போர் முடிந்தபின், 1948 இல் உலக சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவிற்கு முதற் தலைவரானார். பின்னர் பெய்ரூத்திலுள்ள அமெரிக்கப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் இருந்தார். நோய் தீர்த்தலும் நோய் வராமற் காத்தலும் ஒரே கூரையின் கீழ் நடைபெறல் வேண்டும் என்பதே அவர் எங்கும் கற்பித்த பாடம்.

சிங்கப்பூரில் அவர் மூட்டிய தீ அணையவில்லை. 1977 இல் நெஸ்லே கம்பனியின் பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் அமெரிக்காவில் எழுந்தது. 1981 மே மாதம் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்குப் பதிலான உணவுகளின் விற்பனைக்கு ஒழுக்கக் கோவை வகுத்தது. ஆதரித்த நாடுகள் 118. எதிர்த்தது ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. அவ்வெற்றியையும் கண்டு, 1992 ஆம் ஆண்டு யூலை 13 ஆம் திகதி தமது 98 ஆவது வயதில் ஒக்ஸ்போர்ட்டில் அம்மையார் காலமானார்.

கா மொழித் தாய்மாரிடம் இருந்த அறிவு நம் தாய்மாரிடமும் இருந்தது. சவலை என்னும் சொல்லே அதற்குச் சான்று. ஆனால் பால்மாப் பேணியிற் கொழுத்த குழந்தையின் படத்தைக் கண்டு மயங்கிய காலத்தில், நாம் அச்சொல்லைத் திண்ணையோடு விட்டுவிட்டோம். இன்று என் மாணவர்க்குச் சவலை வெண்பா தெரியும். சவலைப் பிள்ளை தெரியாது. ஆகவே சீரெண்ணிக் காட்டிய பின் சிசிலி அம்மையாரின் கதையையும் அவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அதைக் கேட்டு, வீட்டிலுள்ள ஆச்சியிடம் அவர் அறிந்த பழஞ்சொற்களைச் சில மாணவராவது கேட்டு எழுதிவருவாராயின், அதுவே எனக்கு மனநிறைவு.