பெங்களூர் கண்ட கெம்பே கவுடா

நாம் பிழைக்க வந்த பெங்களூரை 1537-ல் உருவாக்கியவர், விஜயநகரப் பேரரசுக்குக் கட்டுப்பட்ட எலகங்கா சிற்றரசர் கெம்பே கவுடா. மண்கோட்டை கட்டி, அரிசிக்கு அக்கிப்பேட்டை, வளையலுக்கு பளேபேட்டை என்று தொழில்வாரியாக ஜனங்களைக் குடியமர்த்தினார். குடியேறியவர்களுக்குத் தண்ணீர் வேண்டுமே! ஏரிகள் வெட்டினார். அவற்றில் தர்மாம்புதி ஏரி இருந்த இடம்தான், இன்று நாம் பஸ் பிடிக்க ஓடும் மெஜஸ்டிக். சொந்தமாக நாணயம் அடித்ததற்காகப் பேரரசின் சிறையில் சில காலம் கிடந்தார். விடுதலையாகி வந்து 1569-ல் காலமானார்.

நகர எல்லைக்கு அடையாளமாக நான்கு கோபுரங்கள் எழுந்தன. ஒன்று நம்மவர் அறிந்த அல்சூர் ஏரிக்கரையில் நிற்கிறது. நகரம் அவற்றை எப்போதோ தாண்டிவிட்டது. 2007-ல் எட்டு நகராட்சிகளையும் 110 கிராமங்களையும் மாநகராட்சியுடன் இணைத்தார்கள். கவுடாவின் எலகங்காவும் அதில் அடக்கம். அந்த 110 கிராமங்களுக்கான காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் 2024 அக்டோபரில்தான் துவக்கப்பட்டது. அதுவரை பெரும்பாலும் போர்வெல்லும் லாரித் தண்ணீரும்தான்.