விண்ணுக்கு வழிவிட்ட ஊர்: விக்கிரம் சாராபாய் வரலாறு



விண்வெளி ஆராய்ச்சி அரசாங்கங்களால் மட்டும் வளர்ந்ததன்று. 1927-இல் ஜெர்மனியிலும் 1933-இல் இங்கிலாந்திலும் ஆர்வலர்கள் தாமே சங்கம் அமைத்து, மனிதன் விண்ணுக்குச் செல்ல வேண்டுமென வாதாடினர். இந்தியாவில் விண்வெளி ஆராய்ச்சிக்காக வாதாடியவர் விக்கிரம் சாராபாய். அவருக்குத் துணை நின்றவர்கள் ஏழை மீனவர்கள். அவ்வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

சாராபாய் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 12-ஆம் நாள், அகமதாபாத்தில் துணியாலை நடத்திய செல்வக் குடும்பத்தில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் பயின்ற அவர், உலகப் போர் மூண்டதும் தாயகம் திரும்பி, பெங்களூரில் சர் சி.வி. இராமனின் கீழ் விண்கதிர்களை ஆராய்ந்தார். 1947-இல் அகமதாபாத்தில் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தை நிறுவினார்.

1962-இல் இந்திய விண்வெளி ஆராய்ச்சிக் குழுவின் தலைவரானார். பசியால் வாடும் நாட்டுக்கு இராக்கெட் எதற்கு எனப் பலர் வினவினர். புயலை முன்னறியவும், சிற்றூர்களுக்குக் கல்வியைக் கொண்டு செல்லவும் விண்வெளி அறிவு வேண்டும் என அவர் விளக்கினார்.

இராக்கெட் ஏவுவதற்குப் புவியின் காந்த நடுக்கோட்டின் அருகே இடம் தேவைப்பட்டது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா அதற்கு ஏற்றதாயிருந்தது. ஆயின் அங்கே மீனவர் குடியிருப்பும் மரிய மதலேனாள் தேவாலயமும் இருந்தன. சாராபாய் ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேராவை நாடினார். ஆயர் பங்கு மக்களிடம் எடுத்துரைத்தார். மக்கள் இசைந்து, வேறிடம் பெயர்ந்தனர். வாழ்ந்த குடியிருப்பை விட்டுப் பெயர்வது எத்துணைத் துயரமென்பதைத் தோட்டத்து மக்களாகிய நாம் நன்கறிவோம்.

தேவாலயம் பணிக்கூடமாயிற்று. இராக்கெட்டின் பாகங்கள் மிதிவண்டியில் சென்றன. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் முதல் இராக்கெட் விண்ணில் பாய்ந்தது.

1971-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், தும்பாவுக்குத் தொலைவில்லாத கோவளத்தில் சாராபாய் மறைந்தார். அகவை 52. அவர் கண்ட கனவு மறையவில்லை. 1975-76-இல் செயற்கைக்கோள் வழியே ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குக் கல்வி ஒளிபரப்புச் சென்றது. இன்று செயற்கைக்கோள்கள் தரும் புயல் எச்சரிக்கை, கடலோடும் மீனவர் உயிரைக் காக்கிறது. 2023-இல் நிலவில் இறங்கிய இந்தியக் கலம் அவர் பெயரையே தாங்கியது. தும்பாத் தேவாலயமோ விண்வெளி அருங்காட்சியகமாக நிற்கிறது.

மாணவர்களே! பேரறிஞரின் பெயரைப் போற்றும்போது, இடம் தந்த பெயரறியா மீனவரையும் நினைவோம். எளியோர் ஈந்த மண்ணிலிருந்தே இந்தியா விண்ணைத் தொட்டது. தோட்டத்துப் பிள்ளைகளும் விண்ணை நாடலாம். அதற்கு முதற்படி, கையிலுள்ள நூலே.