மகாவித்துவான் பிள்ளையவர்களும் நாட்பயிற்சியும்

திருவாவடுதுறை ஆதீன மகாவித்துவான் ஸ்ரீ மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் நினைத்த மாத்திரத்தே செய்யுள் பொழிந்த ஆற்றலை அறியாதார் இலர். அஃது அவர்கட்குப் பிறவியிலேயே வாய்த்த வரம் என்று கூறி அமைவாரும் உளர். திருவருளின்றி யாதும் கைகூடாது என்பது உண்மையே. ஆயினும் அவ்வருள், நாடோறும் உழப்பெற்ற உள்ளமாகிய நிலத்திலேயே விளைந்தது என்பதை அவர்கள் சரித்திரத்தால் யாம் உணர்கின்றோம்.

1815-ஆம் ஆண்டு திரிசிரபுரத்தை அடுத்த சிற்றூரில் தோன்றிய அவர்கள், தந்தையாராகிய சிதம்பரம் பிள்ளையிடமே நிகண்டு, அந்தாதி முதலியவற்றைக் கற்றார்கள். அவர்தம் இளமையிலேயே தந்தையார் சிவபதம் எய்த, வறுமை சூழ்ந்தது, கல்வியோ நின்றிலது. தண்டியலங்காரம் வல்ல பரதேசி ஒருவர் பிக்ஷைக்கு உலாவுதலை அறிந்து, அவர் பின்னே நாடோறும் நடந்து, வேண்டும் பணிகளைச் செய்து, அந்நூலைப் பாடங்கேட்டார்கள்.

அங்ஙனம் பழகிய உள்ளமே பிற்காலத்துத் தலபுராணங்கள் பலவற்றை ஈன்றது. பிள்ளையவர்கள் சொல்லிச் செல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். தியாகராச செட்டியார், சாமிநாதையர் முதலியோர்க்குப் பாடஞ்சொல்லுதலும் உடன் நடைபெற்றது. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் நாள், உடல் முற்றும் தளர்ந்த நிலையிலும், திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படிக்கச் செய்து கேட்டு, இறைவன் திருவடி நீழலை அடைந்தார்கள்.

நாடோறும் பழகியதனையே இறுதிக்கண்ணும் உள்ளம் நாடும். ஓரிரு நாள் பாடம் ஒழிந்தால் வருங்கேடு என்னை என்று எண்ணும் மாணாக்கர், தெருத்தோறும் பரதேசியைப் பின்தொடர்ந்த அவ்விளைஞரை நினைவாராக. பல நூல்களை ஒருங்கே தொடங்கி விடுதலினும், நாளொன்றுக்கு ஒரு செய்யுளைத் தவறாது பயிலுதலே நன்றென்பது எம் துணிபு.