தூண்டிலால் புகழ் பெற்ற துணி வியாபாரி

ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்கார்ந்திருப்பவனை, வேலையற்றவன் என்று உலகம் கேலி செய்யும். அந்தத் தூண்டிலைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதி, அழியாப் புகழ் பெற்றார் ஒருவர். அவர்தான் ஐசக் வால்டன்!

இவர் 1593-ம் ஆண்டு இங்கிலாந்தில் ஸ்டாபோர்டு நகரில் பிறந்தார். சிறு பிள்ளையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். வால்டன் லண்டனுக்குச் சென்று துணி வியாபாரம் பழகினார். பிளீட் தெருவில் கடை வைத்தார்.

ஏழு குழந்தைகள்

1626-ல் ரேச்சல் என்ற பெண்ணை மணந்தார். ஏழு குழந்தைகள் பிறந்தன. ஒன்றுகூடத் தங்கவில்லை. 1640-ல் மனைவியும் கண்ணை மூடினாள்.

பின்னர் ஆன் என்ற பெண்ணை மறுமணம் செய்துகொண்டார். அதற்குள் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. வால்டன் மன்னர் கட்சி. 1649-ல் மன்னர் சார்லசின் தலை வெட்டப்பட்டது. 1651-ல் அவருடைய மகன் வூஸ்டர் போரில் தோற்று ஓடினார். அப்போது அரச குடும்பத்து நகை ஒன்றை, பகைவர் கண்ணில் படாமல் லண்டனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர் வால்டன்.

இத்தனை துயரத்திலும் அவருக்கு ஆறுதல் தந்தது ஆற்றங்கரைதான். தமது 60-வது வயதில், 1653-ல், 'கம்ப்ளீட் ஆங்லர்' என்ற நூலை வெளியிட்டார். மீன் பிடிக்க மட்டுமல்ல, பொறுமையாக வாழவும் அது கற்றுக்கொடுத்தது.

பட்டு நூல் மீன்

குளிர்ந்த ஓடைகளில் வாழும் டிரவுட் மீனை ஏமாற்ற ஒரு பொய் மீனை அதில் வர்ணித்தார். உடல் துணி. முதுகில் பச்சைப் பட்டு நூல் வேலை. வயிற்றில் வெள்ளி இழை. கண்ணுக்குக் கருமணி. துணி வியாபாரி அல்லவா! நீரோட்டத்தில் இழுத்தால் அது சுழலும். பெரிய மீன் பாய்ந்து கவ்வும். இன்று உலோகத் தகட்டைச் சுழலவிட்டு மீன் பிடிப்பவர்கள் செய்வதும் இதே தந்திரம்தான்.

பனிக்காலத்தில் டிரவுட் முட்டையிட்டு மெலிந்து கிடக்கும். மார்ச் மாதத்தில்தான் தேறும். முட்டையிடும் காலத்தில் மீன் பிடிப்பவர்களை வால்டன் கண்டித்தார்.

அவரைவிட 37 வயது இளையவர் சார்லஸ் காட்டன். இருவரும் உயிர் நண்பர்கள். 1674-ல் டவ் ஆற்றங்கரையில் காட்டன் ஒரு சிறு வீடு கட்டி, வாசலில் இருவர் பெயரின் முதல் எழுத்துக்களையும் பின்னிப் பொறித்தார். 1676-ல் வால்டன் நூலுக்கு இரண்டாம் பாகமும் எழுதிச் சேர்த்தார்.

ஏழைகளுக்குக் கரி

1683 டிசம்பர் 15-ந் தேதி வால்டன் வின்செஸ்டரில் காலமானார். வயது 90. தேம்ஸ் நதியே உறைந்துபோன கடுங்குளிர்காலம் அது.

அவருடைய உயிலில், ஸ்டாபோர்டு ஏழைகளுக்கு ஒரு நிலத்தின் வருமானத்தை எழுதி வைத்திருந்தார். குளிர் கொடுமை மிகுந்த ஜனவரிக் கடைசியில், அவர்கள் அடுப்பு எரிய நிலக்கரி வாங்கித் தரவேண்டும் என்பது அவர் கட்டளை.

ஏழு பிள்ளைகளைப் பறிகொடுத்த அந்த மனிதர், ஊரார் பிள்ளைகள் குளிரில் வாடக்கூடாது என்று நினைத்தார்!